ஒரே குதிரை, இரண்டு விதக் குளம்புகள்

பிறந்து சில வாரங்களே ஆன குதிரைக் குட்டிக்குப் புல் எட்டாது. கால்கள் நெடியவை, கழுத்து குட்டை. ஆகவே ஒரு முன்னங்காலை முன்னே நீட்டி, மற்றதைப் பின்னே தள்ளி, உடலைத் தாழ்த்தித்தான் அது மேய்கிறது. நெதர்லாந்தில், சவாரிப் போட்டிகளுக்கு வளர்க்கப்படும் வார்ம்பிளட் வகைக் குட்டிகள் 24-ஐத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்று 2006-இல் வெளியானது. அவற்றில் ஏறக்குறைய பாதிக் குட்டிகள் ஒரே காலையே வழக்கமாக முன்னே வைத்தன. உடலளவை ஒப்பிடக் கால் நீண்டும் தலை சிறுத்தும் இருந்த குட்டிகளிடம் இந்தப் பழக்கம் அதிகம். சில மாதங்களுக்குள் அவற்றின் இரண்டு முன்குளம்புகளும் வெவ்வேறு வடிவம் கொண்டுவிட்டன. முன்னே நீட்டிய காலின் குளம்பு சரிந்து படர்ந்தது. பின்னே நின்ற காலின் குளம்பு செங்குத்தாக நிமிர்ந்தது.

குளம்புக் குறை என்றாலே பரம்பரை என்றோ, லாடம் அடிப்பவரின் கைப்பிழை என்றோ சொல்லிவிடுகிறோம். இரண்டும் காரணமாகலாம். ஆனால் குளம்பின் வடிவம் பெருமளவுக்கு அது தாங்கும் சுமையால் உருவாகிறது என்பதை இந்தக் குட்டிகளைவிடத் தெளிவாக எதுவும் காட்டியதில்லை என்பேன்.

குதிரை ஒவ்வொரு காலிலும் ஒரே விரலை ஊன்றி நிற்கும் விலங்கு. அந்த விரலின் கடைசி எலும்பைக் குளம்பெலும்பு என்போம். அது குளம்பின் அடித்தட்டில் அமர்ந்திருப்பதில்லை. ஏறக்குறைய அறுநூறு மெல்லிய இதழடுக்குகளால் குளம்புச் சுவரின் உட்புறத்தில் ஒட்டித் தொங்குகிறது. 500 கிலோ எடையுள்ள குதிரையில் சுமார் 60 சதவீதத்தை முன்னங்கால்கள் சுமக்கின்றன. அவ்வளவும் இந்த இதழ்கள் வழியாகவே சுவருக்கு இறங்குகிறது. சுவரோ நம் நகம் போலக் கெரட்டினால் ஆனது. மேல்விளிம்பிலிருந்து மாதத்துக்கு 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை கீழ்நோக்கி வளரும். முன்முனை முழுவதும் புதிதாக ஓராண்டு வரை ஆகும். வளர்ந்துகொண்டே சுமை தாங்குவதால், சுமை எந்தப் பக்கம் மிகுகிறதோ அதற்கேற்பச் சுவர் வளைகிறது, விரிகிறது, நசுங்குகிறது.

மிகப் பரவலான குறை, முன்முனை நீண்டு குதிகால் தாழ்ந்த குளம்பு. பந்தயத்துக்கு வளர்க்கப்படும் தரோபிரெட் குதிரைகளில் இதை அடிக்கடி காணலாம். காலின் பின்புறமாக ஒரு தடித்த தசைநாண் இறங்கி, கிணற்றுக் கப்பியின் மேல் ஓடும் கயிறுபோல் ஒரு சிற்றெலும்பின் மீது வழிந்து, குளம்பெலும்பின் அடியில் முடிகிறது. படகு வடிவிலான அந்தச் சிற்றெலும்பின் நோய் குதிரையை நிரந்தரமாக நொண்ட வைக்கக்கூடியது. முன்முனை நீள நீள, குளம்பு தரையைவிட்டுப் புரண்டு எழத் தாமதமாகிறது. தசைநாண் இறுகிச் சிற்றெலும்பை அழுத்துகிறது. லண்டனின் ராயல் வெட்டரினரி கல்லூரி ஆய்வாளர்கள் 2004-இல் இதை அளந்து காட்டினார்கள். குளம்பெலும்பின் அடிப்பரப்பு தரையோடு வைக்கும் கோணம் ஒரு பாகை குறைந்தால் அந்த விசை சுமார் 4 சதவீதம் கூடுகிறது. ஐந்து பாகை சரிவு வெறுங்கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, எலும்புக்குத் தெரியும்.

இந்தக் குறை தானாகவே முற்றுவதுதான் கொடுமை. சரிந்த குளம்பில் குதிகால்மீது சுமை கூடுகிறது. அங்குள்ள சுவர் முன்னோக்கி மடிந்து நசுங்குகிறது. தாங்கவேண்டிய குதிகால் உடலுக்கு அடியில் நழுவிப் போக, கோணம் மேலும் குறைகிறது. முன்முனையை நீளவிட்டால் குதிரை எட்டி அடிவைக்கும் என்ற நம்பிக்கை பந்தய வட்டாரங்களில் நெடுங்காலமாக உண்டு. அளந்து பார்த்தபோது அடி நீளவில்லை. ஒரு வீண் நம்பிக்கைக்காக விலங்கின் காலைக் கெடுப்பது எனக்கு ஏற்கவே முடியாத செயல்.

நிமிர்ந்த குளம்பு இதற்கு நேர் எதிர். தசைநாணும் தசையும் சேர்ந்த தொகுதி எலும்பின் நீளத்துக்குப் போதாமல் இறுகி, குளம்பெலும்பைப் பின்னோக்கி இழுக்கிறது. குதிகால் உயர்கிறது, முன்சுவர் குழிகிறது. குட்டிப் பருவத்தில் கண்டால் அடிக்கடி சீவி, தேவையானால் தசைநாணைப் பிடித்திருக்கும் துணைத் தசைநாரை அறுத்துத் தளர்த்தலாம். வளர்ந்த பின் கட்டுக்குள் வைக்கத்தான் முடியும்.

கால் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருந்தால் குளம்பின் ஒரு பக்கம் தேய்ந்து மறுபக்கம் விரிகிறது. இங்கே வயது மிக முக்கியம். குளம்புக்கு மேலுள்ள கணு மூட்டின் வளர்தட்டு, அதாவது எலும்பு நீளும் இடம், முதல் மூன்று மாதங்களில் பெரும்பாலான வேலையை முடித்துவிடும். அதற்குப் பிறகு குளம்பைச் சீவி எலும்பை நிமிர்த்த முயல்வது மூட்டைக் கோணலாக மிதிக்க வைப்பதில்தான் முடிகிறது.

டச்சுக் குதிரைகளின் போட்டிப் பதிவுகளை ஆராய்ந்தவர்கள், சமமற்ற முன்குளம்புள்ளவை உயர்நிலைத் தாண்டுபோட்டிகளிலிருந்து சீக்கிரம் ஓய்வுபெறுவதைக் கண்டார்கள். ஆனால் சமமற்ற குளம்புகளைக் கண்டதும் லாடம் அடிப்பவர்கள் சிலர், இரண்டையும் சமமாகக் காட்டவேண்டும் என்று நிமிர்ந்ததை வெட்டித் தாழ்த்தி, படர்ந்ததை நீளவிடுவார்கள். கண்ணுக்கு அழகாயிருக்கும், இரண்டு கால்களும் கெடும். ஒவ்வொரு குளம்பையும் அதன் மேலுள்ள எலும்பின் சாய்வோடு பக்கவாட்டிலிருந்து பார்த்து, தனித்தனியாகச் சீவவேண்டும். முன்சுவரும் அதற்கு மேலுள்ள கணுப்பகுதியும் ஒரே நேர்கோட்டில் வருகின்றனவா என்பதே அளவுகோல். அதை ஆறு வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்கவேண்டும். குட்டியானால் மாதம் ஒருமுறை.