முதல் அடியைத் தாங்கும் பணம்

நெல் வயலில் தண்ணீர் தேங்கியே கிடந்தால் மண்ணுக்குள் ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அப்போது அங்குள்ள நுண்ணுயிர்கள் மீத்தேனை வெளிவிடும். 100 ஆண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன் ஏறத்தாழ 28 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். இதைக் குறைக்கும் வழி காய்ச்சலும் பாய்ச்சலும். துளையிட்ட 30 செ.மீ. குழாயைப் பாதி புதைத்து, உள்ளே நீர் தரைமட்டத்துக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு, வயலில் 5 செ.மீ. நிற்கும்படி பாய்ச்ச வேண்டும். பூக்கும் தருணத்தில் மட்டும் காயவிடக் கூடாது. ஆனால் வயல் மேடும் பள்ளமுமாக இருந்தால் மேட்டில் பயிர் வாடும், பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். எனவே முதலில் லேசர் கருவி வைத்துச் சமன் செய்தாக வேண்டும். அதற்குத்தான் பணம் வேண்டியிருக்கிறது.

டிராக்டரும் கருவிகளும் சேர்ந்து ஒரு தொகுதி 20 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அறக்கட்டளையிடம் 1 கோடி இருக்கிறது. தானமாகக் கொடுத்தால் 5 உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு, அதாவது உழவர்களே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் நிறுவனங்களுக்குக் கிடைக்கும். அவை கருவிகளை உழவர்களுக்கு வாடகைக்கு விடும். அதே 1 கோடியை, “கடன் திரும்பாவிட்டால் முதல் அடி எங்களுக்கு, எங்கள் பணம் தீர்ந்த பிறகே வங்கிக்கு” என்று ஈடாக வைத்தால், வங்கி 10 கோடி கடன் தர முன்வரலாம். அது 50 தொகுதிகள். வழக்கமான ஆண்டில் 3 சதவீதம், அதாவது 30 லட்சம் வராமல் போனாலும் அறக்கட்டளையின் அந்தக் கொடையில் 70 லட்சம் மிஞ்சும். அதை அடுத்த சுற்றுக் கடனுக்கு ஈடாக வைக்கலாம். ஒன்று மட்டும்: கொடை இல்லாமலே வங்கி கொடுத்திருக்கக்கூடிய கடனுக்கு இப்படி ஈடு வைப்பது வீண்.

முழு இழப்பையும் கொடையே ஏற்றால் வங்கி வசூலில் அசட்டையாகிவிடும். ஒவ்வொரு இழப்பிலும் 80 சதவீதம் கொடை, 20 சதவீதம் வங்கி, மொத்த வரம்பு 1 கோடி என்று எழுதுவது நல்லது. இன்னொன்று, கடனுக்குப் பின்னால் கொடை இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்தால் தவணை வராது. கடன் தள்ளுபடிப் பேச்சு எழும்போது நடப்பதுதான் இங்கும் நடக்கும்.

தவணைத் தேதியும் முக்கியம். உழவு, சமன் செய்யும் வேலைகளின் வாடகை பருவத்துக்குப் பருவம்தான் வரும். மாதத் தவணை வைத்தால், வேலையில்லாத மாதங்களில் நல்ல நிறுவனம்கூட 90 நாள் நிலுவையில் விழுந்து வாராக் கடன் ஆகிவிடும். குறுவை அறுவடைக்குப் பின் ஒன்று, சம்பா அறுவடைக்குப் பின் ஒன்று என்று இரண்டு தவணை போதும். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12-ஐ அப்படியே நம்பிவிடவும் முடியாது. 2024-இல் அன்று திறக்கவில்லை. ஒரு பருவம் தள்ளிப்போட ஒப்பந்தத்திலேயே இடம் வேண்டும்.

காவிரி டெல்டாவில் இந்தக் கணக்கு உடைவது வேறோர் இடத்தில். சராசரி 3 சதவீதம் என்பது, இழப்புகள் ஆளுக்கொரு நேரத்தில் வரும் என்ற நம்பிக்கையில் போட்டது. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயல் எல்லோரையும் ஒரே இரவில் அடித்தது. அப்படியோர் ஆண்டில் 30 சதவீதம் திரும்பாவிட்டால் இழப்பு 3 கோடி. கொடை 1 கோடியோடு தீர்ந்துவிடும், வங்கிக்கு 2 கோடி போகும். அதன் பிறகு அந்த வங்கி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. அதனால் அடிக்கடி வரும் சிறு இழப்புகளுக்குக் கொடையும், எப்போதோ வரும் பேரிழப்புக்குக் காப்பீடும் என்று அடுக்க வேண்டும். கொடையில் ஒரு பங்கைக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கே ஒதுக்குவதில் தவறில்லை.

கார்பன் வரவை, அதாவது மீத்தேனைக் குறைத்த அளவைக் கார்பன் கிரெடிட்டாக விற்று வரும் பணத்தை நம்பித் தவணை போடுவது ஆபத்து. இத்தகைய கிரெடிட்டுகளுக்குச் சான்று தரும் வெர்ரா அமைப்பு 2024-இல் சீனாவின் 37 நெல் வயல் மீத்தேன் திட்டங்களை நிராகரித்தது. வாடகையிலேயே கடன் அடையும்படி கணக்குப் போடுங்கள், கார்பன் பணம் வந்தால் வரட்டும்.

வருமான வரிச் சட்டம் அறக்கட்டளைப் பணத்தை எதில் போடலாம் என்று வரையறுத்திருக்கிறது. நினைத்த தனியார் நிறுவனத்தின் பங்குகளை வாங்க முடியாது. வங்கியில் நிலை வைப்பு வைக்கலாம். அதையே கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுக்கும் முன் ஆடிட்டரின் கருத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.