எமுலேட்டருக்கு எதற்கு 'முன்'?

பாளையங்கோட்டையில் தங்கை மகன் பழைய வீடியோ கேம்கள் ஆடுவதற்கென்றே ஒரு கைக்கருவி வாங்கியிருக்கிறான். அதில் மொழியைத் தமிழுக்கு மாற்றிவிட்டு என்னிடம் கொண்டுவந்தான். "மாமா, மாநிலத்தைச் சேமிக்கவான்னு கேக்கு. எந்த மாநிலத்த?" ஆட்டம் நிற்கும் நிலையை அப்படியே சேமிப்பதை ஆங்கிலத்தில் 'சேவ் ஸ்டேட்' என்பார்கள். அந்த 'ஸ்டேட்'டைத்தான் யாரோ மாநிலமாக்கியிருந்தார்கள். சரி, சிரித்துவிடலாம். அதற்கு மேலே 'முன்மாதிரியைத் தேர்ந்தெடு' என்று இருந்ததே, அதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு கருவிக்கு எழுதிய நிரலை வேறொரு கருவியில் ஓட்டித் தருவதுதான் எமுலேட்டர். அதை முன்மாதிரி என்று எழுதுவதை எத்தனை இடத்தில்தான் பார்ப்பது?

எமுலேட்டர் என்ற சொல்லுக்கு மூலம் லத்தீன், ஒருவருக்கு நிகராக வரப் போட்டியிடுவது என்று பொருள். கணினிக்குள் 1960களில் வந்தது. 1964இல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில், பழைய 1401 கணினிக்கு எழுதிய நிரல்களை ஓட்டச் செய்த ஏற்பாட்டுக்கு இந்தப் பெயர் இருந்தது.

முன்மாதிரி என்றால் அசலுக்கு முன்னால் செய்து பார்ப்பது. நிண்டெண்டோவின் கையடக்க விளையாட்டுக் கருவியான கேம்பாய் வந்தது 1989இல். அதன் எமுலேட்டர் அதற்குப் பிறகுதான் வந்திருக்க முடியும். பின்னால் வந்ததற்கு 'முன்' எதற்கு? 'மாதிரி'யும் பொருந்தாது. மாதிரி வீட்டில் யாரும் குடியிருப்பதில்லை. எமுலேட்டரோ கேம்பாய் செயலிக்கு எழுதிய கட்டளைகளை ஒவ்வொன்றாக வாங்கி, இந்தக் கருவிக்குப் புரியும்படி நிறைவேற்றுகிறது. இடம் மாறியதே விளையாட்டுக் கோப்புக்குத் தெரியாது.

'போலி' என்பாரும் உண்டு. இலக்கணப்படி பார்த்தால் அருமையான சொல்: நிலம், நிலன் ஆகிறது, 'ம்' இருந்த இடத்தில் 'ன்' நின்றும் பொருள் மாறவில்லை. ஆனால் திருநெல்வேலியில் போலி என்றால் அல்வா டப்பாதான் நினைவுக்கு வரும். யாரையோ ஏமாற்றுகிற சரக்கு என்றாகிவிட்ட சொல்லை இனி மீட்க முடியாது.

நான் சொல்வது 'வேடங்கட்டி'. குலசேகரன்பட்டினம் தசராவில் விரதமிருந்து காளி வேடம் கட்டியவரைப் போலிக் காளி என்று யாராவது சொல்லிவிட முடியுமா? அந்த வேடத்துக்கு உரிய மரியாதை தனி. கருவியைப் புரிந்துகொள்ளவும் இந்தச் சொல் உதவுகிறது. பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஏற்றி ஓட்டுகிற ரெட்ரோஆர்ச் என்ற செயலிதான் மேடை. அதில் ஏற்றுகிற எமுலேட்டர்களைக் கோர்கள் என்பார்கள், அவைதான் வேடங்கட்டிகள், கேம்பாய்க்கு ஒன்று, பிளேஸ்டேஷனுக்கு ஒன்று என்று. சில வேடத்துக்கு அசல் ஆளின் பொருளே வேண்டும். பிளேஸ்டேஷனுக்கான பீட்டில் பிஎஸ்எக்ஸ் கோர், அந்தக் கருவியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை நிரலான பயாஸ் கோப்பைச் சரியான பெயரில் சிஸ்டம் கோப்புறையில் போட்டால்தான் ஆடும். கேம்பாய்க்கு அந்தத் தொல்லை இல்லை.

வேடம் வடசொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் வருவார்கள். வரட்டும். முதலில் மாநிலத்தைச் சேமிக்கச் சொன்னவரைப் பிடித்துவிட்டு என்னிடம் வரட்டும். அவர் அந்தத் திரையை ஒருமுறை திறந்து பார்த்திருந்தாலே போதும். சொற்பட்டியலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு வரிசையாக நிரப்பினால் இப்படித்தான் ஆகும்.

மருமகன் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றிவிட்டான்.