உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வருகிறது?

ரத்தக் கொதிப்போடு வருகிறவர்களிடம், "சாப்பாட்டில் உப்பு எப்படி?" என்று நான் கேட்பதில்லை. கேட்டால் எல்லோரும் "குறைவாகத்தான் டாக்டர்" என்பார்கள். "வீட்டில் ஒரு கிலோ பாக்கெட் எத்தனை நாள் வருகிறது?" என்று கேட்பேன். அதில் மழுப்ப வழியில்லை.

ஆறு மாதம் முன்பு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்கு, இரண்டு மாத்திரை போட்டும் ரத்த அழுத்தத்தின் மேல் அளவு 160-க்குக் கீழே இறங்கவில்லை. தினமும் இளநீர், இரவில் வாழைப்பழம், சாதாரண உப்புக்குப் பதில் இந்துப்பு. இவ்வளவு செய்தும் குறையவில்லையே என்று அவருக்கு என் மீதே சந்தேகம். கணக்கைச் சொன்னவர் அவர் மனைவி: நான்கு பேர், மாதம் ஒரு கிலோ. ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கும் மேல். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு 5 கிராம், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். ஊறுகாயும் அப்பளமும் மோர் மிளகாயும் கடை மிக்சரும் இந்தக் கணக்கில் சேரவே இல்லை.

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். நிறமும் விலையும்தான் வேறு. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது.

இளநீரிலும் வாழைப்பழத்திலும் இருக்கும் பொட்டாசியம் பயனற்றது என்று நான் சொல்லவில்லை. சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்ற அது உதவுகிறது. ரத்தக் குழாய்ச் சுவரின் இறுக்கத்தையும் தளர்த்துகிறது. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 3,510 மில்லிகிராம் தேவை. அதற்கு இளநீர் மட்டும்தான் வழி என்றில்லை. முருங்கைக்கீரை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, கொய்யா எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆனால் அது தண்ணீரில் கரையக்கூடியது. கீரை வெந்த நீரை வடித்துக் கொட்டாமல் அதிலேயே கடைந்துவிடுங்கள்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த அறிவுரை அப்படியே தலைகீழ். அவர்கள் உடலில் தேங்கும் பொட்டாசியம் இதயத் துடிப்பையே தடுமாற வைக்கும். டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற ரத்தக் கொதிப்பு மாத்திரைகளும் பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. 'சோடியம் குறைந்தது' என்று விற்கும் உப்பில் பெரும்பாலும் கலந்திருப்பது பொட்டாசியம் குளோரைடு. அதை வாங்கும் முன் ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் பரிசோதித்து, உங்கள் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

ஆசிரியர் வீட்டில் இப்போது ஒரு பாக்கெட் 45 நாள் வருகிறது. அதே மாத்திரைகள்தான், சென்ற வாரம் அளவு 142. மோர் மிளகாயை மட்டும் விட மாட்டேன் என்கிறார்.