95 டிகிரி காட்டுதுங்க, பரவாயில்லையா?

மார்ச் பிறந்துவிட்டால் எங்கள் சர்வீஸ் கடைக்குக் கேமிங் லேப்டாப்கள் அதிகமாக வரத் தொடங்கும். கொண்டுவருபவர்களில் பொறியியல் மாணவர்கள் ஒரு பக்கம், பனியன் கம்பெனிகளில் டிசைன் வேலை பார்ப்பவர்கள் இன்னொரு பக்கம். திருப்பூரில் டிசைனர்களும் கேமிங் லேப்டாப்தான் வாங்குகிறார்கள். தனி கிராபிக்ஸ் கார்டு வேண்டுமென்றால் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பது அதுதான். லேப்டாப் சிப்பின் வெப்பத்தைப் பார்த்துவிட்டு இரண்டு தரப்பும் கேட்கும் கேள்வி ஒன்றே: "அண்ணா, 95 டிகிரி காட்டுதுங்க, பரவாயில்லையா?"

பல நேரம் பரவாயில்லை. இன்டெலின் 12, 13ஆம் தலைமுறை எச் வரிசைச் சிப்களுக்குப் பொதுவான உச்ச வரம்பு 100 டிகிரி. ஏஎம்டி ரைசனில் மாடலைப் பொறுத்து 95 முதல் 105 வரை. என்விடியாவின் லேப்டாப் கார்டுகள் பெரும்பாலும் 87 டிகிரியை ஒட்டித் தம்மைக் கட்டுப்படுத்திக்கொள்கின்றன. இந்த வரம்பைத் தொட்டதும் சிப் தானாகவே வேகத்தைக் குறைக்கும். அதையும் மீறினால் லேப்டாப் அணைந்துவிடும். வெடிக்காது. கேம் லோடு ஆகும்போது சில நொடிகள் 95ஐத் தொட்டுவிட்டு இறங்கினால் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் திருப்பிக் கேட்பது வேறு. "சரி தம்பி, 95 காட்டும்போது எத்தனை வாட் போகுது?" இதற்குப் பெரும்பாலும் பதில் வராது. டிகிரியை மட்டும் பார்த்து எதையும் சொல்ல முடியாது. சிபியு (லேப்டாப்பின் முதன்மைச் சிப்) 70 வாட் எடுத்துக்கொண்டு 95இல் ஓடினால், கொடுத்த வேலைக்கு ஏற்ற சூடு அது. அதே சிபியு 25 வாட்டிலேயே 95ஐத் தொடுகிறது என்றால் உள்ளே பிறக்கும் சூடு வெளியே போகவில்லை. தூசி அடைத்திருக்கும், சிப்பின் சூட்டைக் கடத்த அதன் மேல் தடவும் பேஸ்ட் காய்ந்திருக்கும், அல்லது ஃபேன் ஓடவில்லை. எண் ஒன்றுதான், சங்கதி வேறு.

இதைப் பார்க்க எச்.டபிள்யூ.இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். அதைத் திறந்து வைத்துவிட்டு அரை மணி நேரம் வழக்கமாக ஆடும் கேமை ஆடுங்கள். பிறகு வெப்பம், வாட், கிளாக் வேகம் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். தெர்மல் த்ராட்லிங் (சூட்டால் வேகம் குறைவது) என்ற வரியில் 'யெஸ்' என்று விழுந்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். எஃப்.பி.எஸ். (திரையில் நொடிக்கு எத்தனை படம் ஓடுகிறது என்ற கணக்கு) எப்படி இறங்குகிறது என்பதும் ஒரு தடயம். முதல் பத்து நிமிடம் 90 எஃப்.பி.எஸ்.இல் நன்றாக ஓடி, அப்புறம் 40க்கும் 90க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் சூட்டைச் சந்தேகிக்கலாம். ஆரம்பத்திலிருந்தே மந்தமாக இருந்தால் காரணம் பெரும்பாலும் வேறு: ஒற்றை ரேம் குச்சியோடு வாங்கியது, கேம் தனி கார்டில் ஓடாமல் சிபியுவுக்குள் இருக்கும் கிராபிக்ஸில் ஓடுவது, சார்ஜர் போடாமல் பேட்டரியில் ஆடுவது. இன்னொன்றும் உண்டு. லேப்டாப் குளிர்ந்தே இருக்கிறது, ஆனால் கிளாக் 0.4 அல்லது 0.8 கிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டு அசையமாட்டேன் என்கிறது என்றால், சார்ஜரையோ பேட்டரியையோ போர்டில் ஒரு சென்சாரையோ சந்தேகிக்க வேண்டும். சிபியுவை மெதுவாக ஓடச்சொல்லும் சிக்னல் எங்கிருந்தோ வந்துகொண்டிருக்கிறது. இதற்குப் பேஸ்ட் மாற்றிக் காசு கொடுத்துவிட்டு வருபவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

இவ்வளவு சூடு ஏன் என்பதற்கு விளம்பரத்திலேயே விடை இருக்கிறது. ஐ7 12700எச் சிப்புக்கு இன்டெல் சொல்லும் அடிப்படை மின்திறன் 45 வாட், டர்போவில், அதாவது வேகத்தைக் கூட்டி ஓடும்போது, உச்சம் 115 வாட். ஆர்டிஎக்ஸ் 4060 லேப்டாப் கார்டு 35 வாட்டிலும் வரும், 115 வாட்டிலும் வரும். எவ்வளவு கொடுப்பது என்பது லேப்டாப் கம்பெனியின் முடிவு. பெட்டியின் மேல் இரண்டுக்கும் ஒரே பெயர்தான். முன்பெல்லாம் குறைந்த வாட் கார்டை மேக்ஸ்-கியூ என்ற அடையாளத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். 2021இல் ஆர்டிஎக்ஸ் 30 வரிசை வந்தபோது கார்டின் பெயரிலிருந்து அது போய்விட்டது. அதனால் வாங்குவதற்கு முன்பே ஸ்பெக் பக்கத்தில் டிஜிபி (கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுக்கும் மின்திறன்) எத்தனை வாட் என்று பார்த்துவிடுங்கள். சேல்ஸ்மேனுக்கு அது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இந்தச் சிபியுவும் ஜிபியுவும் (கிராபிக்ஸ் சிப்) பெரும்பாலான மாடல்களில் ஒரே ஹீட் பைப்புகளைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஹீட் பைப் என்பது காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் தண்ணீர் வைத்து மூடிய செம்புக் குழாய். சிப்பின் மேல் இருக்கும் முனையில் தண்ணீர் ஆவியாகும், ஃபேன் பக்கத்து முனையில் ஆவி குளிர்ந்து மறுபடி தண்ணீராகித் திரும்பும். அந்த முனையில் காற்று ஓடினால்தான் இந்தச் சுற்று நடக்கும். வெளிக்காற்று 40 டிகிரி என்றால் ஃபேன் இழுப்பதும் 40 டிகிரிக் காற்றைத்தான். அறையின் சூடு பத்து டிகிரி கூடினால் சிப்பின் சூடும் ஏறத்தாழ அதே பத்து கூடும். ஏசி அறையில் 22 டிகிரியில் சோதித்த யூடியூபர் 78 காட்டினார் என்று, சித்திரை மாதம் சிமென்ட் ஷீட் கூரைக்குக் கீழே ஆடுகிறவர் மனம் உடைந்து போகிறார். லேப்டாப்பில் ஒரு குறையும் இல்லை, அறைதான் வேறு.

எங்கள் ஊரில் தூசியைவிடப் பஞ்சுதான் பிரச்சினை. நிட்டிங், கட்டிங் நடக்கும் இடத்தில் வேலை செய்யும் லேப்டாப்பைத் திறந்தால், ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே பஞ்சு படிந்து கம்பளித் துண்டு மாதிரி நிற்கும். அடிப்பக்க வலையைப் பார்த்தால் சுத்தமாகத்தான் இருக்கும். இந்தப் பஞ்சு உள்ளே ஒளிந்துகொள்ளும். ஃபேன் முழு வேகத்தில் சத்தம் போடுகிறது, ஆனால் பக்கவாட்டுத் துளையில் கை வைத்தால் காற்றே வரவில்லை என்றால் இதுதான் விஷயம். இதை வெளியிலிருந்து ஊதி எடுக்க முடியாது. பின்மூடியைக் கழற்றி, பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, ஃபேன் இறக்கையைப் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் எடுக்க வேண்டும். பைக் வாட்டர் சர்வீஸில் கம்ப்ரஸர் காற்று அடித்துக் கொண்டுவருகிறார்கள். அந்த வேகத்தில் ஃபேன் கண்டபடி சுழன்று பேரிங் போகும். கம்ப்ரஸரில் தேங்கிய தண்ணீரும் சேர்ந்து வரும். இருநூறு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் போர்டுக்கே வேட்டு. பஞ்சு பறக்கும் இடத்தில் வேலை என்றால் நான்கு மாதத்துக்கு ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்வேன். வீட்டில் மட்டும் வைத்திருப்பவருக்கு வருடத்துக்கு ஒருமுறை போதும்.

பேஸ்ட்டைப் பற்றி இணையத்தில் நடக்கும் சண்டைகளுக்குள் நான் போகவில்லை. லேப்டாப் சிப்பில் மேல்மூடி கிடையாது, சூட்டை வாங்கும் உலோகப் பகுதியான ஹீட் சிங்க் நேராகச் சிலிக்கான் மேல் உட்காரும். சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்து, தண்ணியான பேஸ்ட் நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிதுங்கிவிடும். புதிதாகப் போட்டு மூன்றே மாதத்தில் பழைய கதைக்குத் திரும்புவது இதனால்தான். என் தேர்வு ஹனிவெல்லின் பிடிஎம் 7950 ஷீட். அறை வெப்பத்தில் திடமாக இருக்கும், சுமார் 45 டிகிரிக்கு மேல் இளகிச் சந்து பொந்தெல்லாம் நிரப்பும், பிதுங்காது. டூப்ளிகேட்டும் தாராளமாகக் கிடைக்கிறது, ஜாக்கிரதை. பேஸ்ட்டைவிட அதிகம் தவறு நடப்பது விஆர்ஏஎம் (கிராபிக்ஸ் கார்டின் மெமரி சிப்கள்) மேல் ஒட்டும், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேடில். ஒரு மில்லிமீட்டர் பேடு இருந்த இடத்தில் ஒன்றரை மில்லிமீட்டர் வைத்தால் ஹீட் சிங்க் தூக்கிக்கொண்டு நிற்கும், சிப் மேல் சரியாக அமராது. சர்வீஸ் செய்த பிறகு முன்பைவிடச் சூடாகிறது என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

லிக்விட் மெட்டல் பற்றி ஒரு எச்சரிக்கை. அது காலியம் கலந்த உலோகம். மின்சாரம் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும். 2020 முதல் அசூஸ் ஆர்ஓஜி போன்ற சில வரிசைகளில் கம்பெனியே இதைப் போட்டு அனுப்புகிறது. உங்களுடையது அப்படிப்பட்ட மாடல் என்றால், திறப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தெரியாமல் துடைக்கப் போய் ஒரு துளி போர்டில் சிந்தினால் போதும்.

இதற்கெல்லாம் காசு வேண்டும். காசில்லாமல் செய்யக்கூடியதுதான் அதிகம் உதவுகிறது என்பது என் அனுபவம்: தேவையில்லாத சூட்டைப் பிறக்கவே விடாமல் செய்வது. 144 ஹெர்ட்ஸ் திரை என்பதற்காக ஒரு கதை கேமை 144 எஃப்.பி.எஸ்.இல் ஓட்ட வேண்டியதில்லை. சில கேம்களின் மெனுத் திரையே 300 எஃப்.பி.எஸ்.இல் ஓடி ஜிபியுவை வறுத்துக்கொண்டிருக்கும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட்டை 60 அல்லது 75 என்று வைத்துப் பாருங்கள். ஃபேன் சத்தம் இறங்குவது காதுக்கே தெரியும். வேலரண்ட் மாதிரி வேகமான சுடும் கேம் ஆடுகிறவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்களுக்கு 144 தேவைதான்.

அடுத்தது சிபியு. விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் மேக்ஸிமம் ப்ராசஸர் ஸ்டேட்டை 100இலிருந்து 99 ஆக்கினால் டர்போ நின்றுவிடும். சிபியு வெப்பம் பத்து, பதினைந்து டிகிரி இறங்குவதை அடிக்கடி பார்க்கிறேன். ஆனால் இது கொஞ்சம் முரட்டு வைத்தியம். 12700எச் போன்ற சிப் டர்போ இல்லாமல் 2.3 கிகாஹெர்ட்ஸுக்கு வந்துவிடும், சிபியுவை நம்பியிருக்கும் கேம்கள் தடுமாறும். லேப்டாப்போடு வரும் கண்ட்ரோல் மென்பொருளிலோ த்ராட்டில்ஸ்டாப் என்ற மென்பொருளிலோ சிபியுவின் நீண்ட நேர மின் வரம்பை 45, 50 வாட் என்று வைப்பது இதைவிட நல்லது.

"வாட்டைக் குறைத்தால் எஃப்.பி.எஸ். குறையாதா?" என்று கேட்பார்கள். பல கேம்களில் கூடுகிறது. கிராபிக்ஸை அதிகம் வைத்து ஆடும்போது வேலையின் பெரும்பகுதி ஜிபியுவுக்கு. சிபியு சும்மா 80 வாட் எரித்துக்கொண்டிருந்தால் இருவருக்கும் பொதுவான ஹீட் பைப்பை அதுவே நிரப்பிவிடும், ஜிபியு பின்வாங்கும். சிபியுவை 45க்கு அடக்கினால் ஜிபியுவுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். என்விடியாவின் டைனமிக் பூஸ்ட்டும் சிபியு பயன்படுத்தாத வாட்டை ஜிபியுவுக்குத் தள்ளுவதற்காக வந்ததுதான். சராசரி எஃப்.பி.எஸ். ஒன்றிரண்டு குறைந்தாலும், இடையிடையே வரும் வெட்டு நின்றுவிடும். கைக்குத் தெரிவது அந்த வெட்டுதான்.

அண்டர்வோல்டிங், அதாவது சிப்புக்குப் போகும் வோல்டேஜைக் குறைப்பது, இன்னும் நல்ல வழி. சிப் உண்ணும் மின்திறனின் பெரும்பங்கு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறும். அதே கிளாக்கில் வோல்டேஜைப் பத்து சதவீதம் குறைத்தால் அந்தப் பங்கு ஏறக்குறைய 19 சதவீதம் குறையும். வேகம் அப்படியே இருக்கும். ஆனால் 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்ததும் இன்டெல் தந்த திருத்தத்தால் பல லேப்டாப்களில் சிபியு வோல்டேஜை மாற்றும் வசதி பூட்டப்பட்டுவிட்டது. அதைத் திறக்கிறேன் என்று ஊர் பேர் தெரியாத தளத்திலிருந்து பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) ஃபைல் இறக்கிப் போட்டு, கறுப்புத் திரையோடு கடைக்கு வராதீர்கள். ஜிபியுவின் வோல்டேஜைக் குறைக்க எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளின் கர்வ் எடிட்டர் பெரும்பாலும் வேலை செய்யும். ஒரே மாடல் சிப் இரண்டு ஒரே மாதிரி இருக்காது. வீடியோவில் பார்த்த எண்ணை அப்படியே காப்பி அடிக்காமல் படிப்படியாக இறக்குங்கள், கேம் கிராஷ் ஆனால் ஒரு படி ஏற்றுங்கள். விண்டோஸ் திறக்கும்போதே அமலாகும் ஆப்ஷனை, ஒரு வாரம் ஆடிப் பார்த்த பிறகு டிக் செய்தால் போதும்.

கூலிங் பேடு? மெத்தையில் வைத்து ஆடுகிறவருக்கு அது பெரிய வித்தியாசம் தரும், ஏனென்றால் மெத்தையை விட்டு எழுப்புகிறது. மேசையில் வைப்பவர் பின்பக்கத்தை ஓரங்குலம் உயர்த்தினாலே முக்கால்வாசிப் பலன் வந்துவிடும். நீல லைட் எரியும் விலை குறைந்த பேடுகள் இரண்டு மூன்று டிகிரிக்கு மேல் குறைத்து நான் பார்த்ததில்லை. சுற்றிலும் ஃபோம் வைத்து அடைத்துக் காற்றைத் தள்ளுபவை நன்றாகவே வேலை செய்யும், பக்கத்தில் இருப்பவர் சத்தத்தைப் பொறுத்துக்கொண்டால்.

பேட்டரியை யாரும் சூட்டோடு சேர்த்து யோசிப்பதில்லை. லித்தியம் பேட்டரிக்கு ஆகாதது இரண்டு: சூடு, எப்போதும் நூறு சதவீதம் நிறைந்தே இருப்பது. கேமிங் லேப்டாப் சார்ஜரை விட்டு இறங்குவதே இல்லை என்பதால் இரண்டும் சேர்ந்தே நடக்கும். கம்பெனி மென்பொருளில் சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி இருந்தால் இன்றே போட்டுவிடுங்கள். 180, 230 வாட் அடாப்டர் கேட்கும் லேப்டாப்புக்கு 65 வாட் டைப்-சி சார்ஜரைப் போட்டு ஆடாதீர்கள். குறையும் மின்சாரத்தைப் பேட்டரியிலிருந்து இழுக்கும், இல்லையென்றால் வேகத்தை வெட்டும்.

டச்பேடு மேலே தூக்கியிருக்கிறது, கிளிக் ஆகவில்லை, மேசையில் வைத்தால் லேப்டாப் ஆடுகிறது, பின்மூடி ஓரத்தில் விரிசல் தெரிகிறது என்றால் பேட்டரி உப்பிவிட்டது. உடனே அணைத்துச் சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். அமுக்கிப் பார்க்கக் கூடாது, குத்திக் காற்றை எடுக்கக் கூடாது, 'இந்த ப்ராஜெக்ட் முடியட்டும்' என்று இன்னொரு நாள் ஓட்டவும் கூடாது. மெத்தை, துணி இல்லாத இடத்தில் தனியாக வைத்து, தெரிந்தவரிடம் கொடுத்துப் பேட்டரியைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்றியதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.