விளக்கு அணைந்த கோபுரத்தில் விளையும் உப்பு

திருநெல்வேலிச் சீமையில் கலங்கரை விளக்கம் என்றதும் தூத்துக்குடியின் பாண்டியன் தீவும் மணப்பாட்டுக் குன்றும் நினைவுக்கு வரும். தீவில் தனித்து நிற்கும் பழைய கற்கோபுரம் ஒன்றில் விளக்கு நிரந்தரமாக அணைக்கப்பட்டால் சுவருக்கு என்ன நேரும் என்பதை உப்பளத்தை அறிந்தவர்கள் எளிதில் ஊகித்துவிடுவார்கள்.

எண்ணெய் விளக்கு எரிந்த காலத்தில் அதன் வெப்பக் காற்று மாடத்துத் துவாரங்கள் வழியே வெளியேற, கீழ்வாசலிலிருந்து புதிய காற்று படிக்கட்டு வழியே மேலேறிக்கொண்டே இருந்ததால், கோபுரம் தன்னைத் தானே உலர்த்திக்கொண்டது. காவலர் வெளியேறிக் கதவும் சன்னலும் அடைக்கப்பட்ட பின் ஓதம் என்னும் ஈரம் உள்ளேயே தங்கிவிடுகிறது.

கடல் தெறிப்போடு வந்து கல்லின் நுண்துளைகளில் புகுந்த உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டும்போது ஈரத்தை இழுத்துக் கரைகிறது. அதற்குக் கீழே இறங்கினால் மீண்டும் படிகமாகிறது. ஈரமான கீழ்க்காற்றாகிய கொண்டல் வீசும்போது கரைந்து, வறண்ட மேல்காற்றாகிய கச்சான் வீசும்போது உறைந்து, இப்படி மாறி மாறி வளரும் படிகங்கள் துளையின் சுவரை நெருக்க, கல்லின் முகம் மாவாக உதிர்கிறது. உப்பு அரித்த சுவர் என்று நாம் சொல்வது இதைத்தான்.

பழுது பார்க்கிறோம் என்று இதன்மேல் சிமெண்டு பூசுவதே பெருங்கேடு. ஆவியை எளிதில் வெளியே விடாத அந்தப் பூச்சுக்குப் பின்னால் உப்பு திரண்டு, பூச்சு பெயரும்போது கல்லையும் சேர்த்துப் பெயர்த்துவிடும். கிளிஞ்சல் சுட்டெடுத்த சுண்ணாம்போ ஈரத்தை வெளியே விடும். உப்பைத் தன்மீது வாங்கித் தான் உதிர்ந்து கல்லைக் காக்கும். அது உதிர்வதைக் குறை என்று எண்ணிக் கொத்தனாரைக் கடிந்துகொள்வது நியாயமன்று.

கடலில் சுண்ணாம்பின் வலிமைக்கு இங்கிலாந்தின் எடிஸ்டோன் பாறையில் ஜான் ஸ்மீட்டன் எழுப்பி 1759-இல் ஒளியேற்றிய கோபுரம் சான்று. களிமண் கலந்த சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் அது நீருக்குள்ளும் இறுகும் என்பதை அவர் சோதித்து அறிந்து பயன்படுத்தினார். பின்னாளில் அரிப்புக்கு உள்ளானது கோபுரமன்று, அது நின்ற பாறை. 1882-இல் புதிய கோபுரம் ஒளிர்ந்த பின், பழையதன் மேற்பகுதி கல் கல்லாகக் கழற்றப்பட்டுப் பிளிமத் நகரில் மீண்டும் கட்டப்பட்டது. அடிப்பகுதி இன்றும் கடலில் நிற்கிறது.

பழைய கலங்கரை விளக்கங்களைப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்க இந்தியாவில் 2021-ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. ஆனால் அறிவிப்பால் உப்பு வெளியேறாது. முதலில் அடைத்த துவாரங்களைத் திறக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் நனைத்த காகிதக்கூழைச் சுவரில் அப்பி, அது உலரும்போது உப்பு கூழுக்குள் இழுக்கப்பட்ட பின் உரித்தெடுக்க வேண்டும். சோதனையில் உப்பின் அளவு குறையும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்த பின்னரே சுண்ணாம்பு பூசலாம்.