கோடைக் காதலா, லீவுக் காதலா?

ஆங்கில நாவலில் 'சம்மர் ரொமான்ஸ்' என்று கண்டவுடனே 'கோடைக் காதல்' என்று போட்டுவிட்டு மொழிபெயர்ப்பாளர்கள் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். பாளையங்கோட்டைப் புத்தகத் திருவிழாவில் ஒரு கடையில் பலகையே தொங்கியது: 'பதின்பருவத்தினருக்கான இலகுவான கோடைக் காதல் புதினங்கள்'. இதில் 'பதின்பருவம்' மட்டும் தேறும். மற்றதெல்லாம் ஆங்கிலத்துக்குத் தமிழ்ச் சட்டை மாட்டிவிட்டதுதான்.

வேரைச் சட்டென்று பார்த்துவிடலாம். பழைய பிரெஞ்சில் 'ரொமான்ஸ்' என்பதற்கும் காதலுக்கும் சம்பந்தமில்லை. படித்தவர்களின் லத்தீனை விட்டுவிட்டு ஊர்ப்பேச்சில் எழுதியது என்றுதான் பொருள். அப்படி எழுதியவற்றில் குதிரைவீரர் கதைகள் நிறைய. வீரனுக்கு ஒரு சீமாட்டி வேண்டுமே? நாளடைவில் வாளும் குதிரையும் போய்ச் சீமாட்டி மட்டும் மிஞ்சினாள். 'சம்மர்' வெறும் வெயில்காலம். அவ்வளவுதான் கதை.

ஆனால் இரண்டும் சேரும்போது 'சம்மர்' வெயிலை விட்டுவிடுகிறது. அமெரிக்காவில் பள்ளிகள் ஏறத்தாழ ஜூன் தொடங்கி ஆகஸ்ட் வரை அடைத்துக் கிடக்கும். அந்த நாவல்களில் ஒரு பெண் கடற்கரை ஊருக்குப் போவாள், அல்லது ஐஸ்கிரீம் கடையில் முதல் முதலாக வேலைக்குச் சேருவாள். தெரியாத ஊர், தெரியாத பையன், கண்கொத்திப் பாம்பாகப் பார்க்க ஆளில்லை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு கெடு: பள்ளிக்கூடம் திறக்கும் நாள். பதினைந்து வயதுப் பிள்ளை இதை ஒரே மூச்சில் வாசிப்பது இந்தக் கெடுவுக்காகத்தான். என்ன குழப்பம் வந்தாலும் கடைசியில் சிரிக்க வைத்தே அனுப்புவார்கள் என்ற தைரியமும் உண்டு. பரீட்சை, மார்க் என்று வருஷம் முழுக்க நசுங்கும் பிள்ளைக்கு, தோற்றாலும் யாரும் மார்க் போடாத ஒரு காதலை வாசிப்பது சுகம். ஆக, அங்கே 'சம்மர்' என்றால் லீவு.

இப்போது 'கோடைக் காதல்' என்பதைத் தமிழ்க் காதால் கேளுங்கள். தொல்காப்பியம் 'நடுவுநிலைத் திணையே நண்பகல் வேனிலொடு' என்று வேனிலைப் பாலைக்குக் கொடுத்துவிட்டது. பாலைக்கு உரியது பிரிவு. சங்கப் பாட்டில் கோடை மேல்காற்றுக்கும் பெயர். மூங்கில் காய்ந்து உரசும் காடுதான் நினைவுக்கு வரும், ஐஸ்கிரீம் கடை வராது. நண்பர் ஒருவர் தனித்தமிழ்ப் பற்றுள்ளவர். 'வேனிற்காதல் என்று சொல்லும், மன்மதனுக்கே வேனிலான் என்று பேர் உண்டே' என்கிறார். உண்டுதான். ஆனால் சிலப்பதிகாரத்து வேனிற்காதையில் என்ன நடக்கிறது? பிரிந்துபோன கோவலனுக்கு மாதவி தாழை மடலில் ஓலை எழுதுகிறாள், அவன் வாங்க மாட்டேன் என்கிறான். கலகலப்பான கதைக்கு ஒட்டுகிற பெயரா இது? இதையும் சொன்னேன். பதின்பருவ நாவலுக்கு 'விடலைப் புதினம்' என்று பேர் வைத்தால் என்ன என்று அடுத்ததற்குத் தாவிவிட்டார். விடலை ஆண்பால். இந்தப் புத்தகங்களை அதிகம் வாசிப்பது பெண்பிள்ளைகள். போதாக்குறைக்கு எங்கள் பக்கம் விடலை என்றால் பிள்ளையாருக்கு உடைக்கிற தேங்காய். புதினமும் அப்படித்தான், யாழ்ப்பாணத்தில் அது செய்தி. நாவல் என்றால் எல்லோருக்கும் புரிகிறது, விட்டுவிடலாமே.

திருநெல்வேலிச் சீமைக்குக் கோடை இன்னும் சிக்கல். பாளையங்கோட்டையில் அக்னி நட்சத்திரத்து வெயில் 100 டிகிரியைத் தாண்டும், யாரும் யாரையும் காதலிக்கத் தெருவுக்கு வரமாட்டார்கள். பஞ்சாங்கப்படி ஆனியும் ஆடியும் முதுவேனில். அதே ஆனி ஆடியில்தான் செங்கோட்டைக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று நுழைந்து தென்காசி, குற்றாலம் எல்லாம் சாரலில் நனையும். அமெரிக்கப் பிள்ளை சம்மர் என்று சொல்லும் மாதங்கள் நமக்குச் 'சீசன்'. இதில் கோடையை எங்கே கொண்டு வைப்பது? அதுவும் இந்த ஊரில் 'கோடைக் காதல்' என்று வேகமாகச் சொன்னால் 'கொடைக் காதல்' என்றுதான் காதில் விழும். கொடை என்றால் இங்கே கோயில் திருவிழா. அதுவும் உண்மையில் இருக்கிறது என்பது வேறு விஷயம்: முழுப்பரீட்சை லீவுக்கு ஆச்சி வீட்டுக்கு வந்த பிள்ளை, சுடலைமாடன் கொடையில் நையாண்டி மேளம் முழங்கும்போது, வளையல் கடைப் பக்கமாக ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கலர் குடிக்கும்.

அதனால் நான் சொல்வது 'விடுமுறைக் காதல்'. அட்டைக்கு 'லீவுக் காதல்' இன்னும் நன்றாக இருக்கும். லீவு தமிழா என்று கேட்பவர்கள், தங்கள் பேரப்பிள்ளை எதற்கு ஊருக்கு வந்திருக்கிறது என்று பக்கத்து வீட்டாரிடம் எப்படிச் சொல்கிறார்கள் என்று கவனிக்கட்டும். 'இலகுவான' என்பதையும் எடுத்துவிடலாம். அது கணக்குக்குச் சொல்வது. கதைக்குக் 'கலகலப்பான' போதும்.

தலைப்பை விட உள்ளே நடக்கும் அநியாயம் பெரிது. ஒரு மொழிபெயர்ப்பில் கதாநாயகியின் 'கசின்' அவளை ரயிலடியில் வந்து கூட்டிப் போகிறான். மொழிபெயர்த்தவர் 'அத்தை மகன்' என்று போட்டுவிட்டார். ஆங்கிலத்தில் அவன் பெட்டி தூக்க வந்தவன், அடுத்த அத்தியாயத்தில் காணாமல் போவான். அம்பாசமுத்திரத்துப் பிள்ளை அதை வாசித்தால் அத்தான் வந்தாச்சு, கதாநாயகன் இவன்தான் என்று முடிவு கட்டிவிடும். அப்புறம் நூறு பக்கம் தள்ளி எவனோ ஒருவன் வந்து நின்றால், 'இவன் யாரு?' என்று புத்தகத்தை மூடத்தானே செய்யும்? 'சொந்தக்காரப் பையன்' என்று எழுதியிருந்தால் தீர்ந்தது.