தக்காளிக் குருத்து முறுக்கிக்கொண்டால் அது வைரஸ்தானா?

ராயக்கோட்டை, பாலக்கோடு பக்கத்துத் தக்காளி விவசாயிகள் முறுக்கிய குருத்தைக் கிள்ளிக்கொண்டு ஆலோசனைக்கு வரும்போது, அது வெள்ளை ஈ பரப்பும் இலைச்சுருட்டு வைரஸ் என்று தாங்களே முடிவுகட்டி, இரண்டு மூன்று பூச்சிமருந்துகளையும் அடித்து முடித்திருப்பார்கள். அந்த இலையை வெயிலுக்கு நேரே பிடித்தால், கிளைத்துப் பின்ன வேண்டிய நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக நெருங்கி ஓடுவதும், இலையே வார்போல ஒடுங்கியிருப்பதும் சில சமயம் தெரியும். அப்போது நான் முதலில் கேட்பது, பக்கத்தில் கேழ்வரகுக்கோ கரும்புக்கோ 2,4-டி களைக்கொல்லி அடித்தார்களா என்பதைத்தான்.

2,4-டி என்பது ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோனைப் போல நடிக்கும் செயற்கைப் பொருள். இயற்கை ஆக்சின் இளங்குருத்தில் உருவாகி, செல்லுக்குச் செல் கைமாறிக் கீழே இறங்குகிறது. அமிலத்தன்மையுள்ள செல்சுவர்ப் பகுதியில் (பி.எச். சுமார் 5.5) அதன் ஒரு பங்கு மின்னூட்டமின்றி இருப்பதால் செல்லைச் சுற்றியுள்ள சவ்வைத் தானாகவே தாண்டிவிடும்; ஏயூஎக்ஸ்1 என்ற புரதமும் அதை உள்ளே இழுக்கும். உள்ளே பி.எச். 7-ஐ ஒட்டியிருப்பதால் மின்னூட்டம் பெற்றுச் சிக்கிக்கொள்ளும் ஆக்சின், சவ்வில் பதிந்திருக்கும் ‘பின்’ வகைப் புரதங்கள் வழியாகத்தான் பெரும்பாலும் வெளியேற முடியும். ஆகவே இந்தப் புரதங்கள் செல்லின் எந்தப் பக்கத்தில் இருக்கின்றன என்பதே ஹார்மோன் போகும் திசையைத் தீர்மானிக்கிறது. செடி அவற்றைச் சவ்விலிருந்து உள்ளே இழுத்து மறுபடி பொருத்துகிறது. கைனேஸ் நொதிகளைக் கொண்டு பாஸ்பேட் சேர்த்து, சிலவற்றைப் பக்கம் மாற்றுகிறது, சிலவற்றை முடுக்கிவிடுகிறது. தண்டு வெளிச்சத்தை நோக்கி வளைவதும், இலையில் நரம்பு ஓடும் தடமும் இந்த ஏற்பாட்டின் விளைவுகளே.

பூ உதிர்வைத் தடுக்க நாம் அடிக்கும் என்.ஏ.ஏ. என்ற செயற்கை ஆக்சினை ‘பின்’ புரதங்கள் வெளியேற்றிவிடும். 2,4-டி அப்படியல்ல, ஏயூஎக்ஸ்1 வழியாக எளிதில் நுழைந்துவிடும், வெளியேறுவதோ மிகக் குறைவு, தக்காளியால் அதை விரைவில் சிதைக்கவும் முடியாது. அது செல்லுக்குள் தேங்கி இந்த ஏற்பாட்டைக் குலைப்பதால்தான் இலையும் நரம்பும் உருமாறுகின்றன. புல்லினப் பயிர்கள் அதை வேகமாகச் சிதைத்துவிடுவதால் கேழ்வரகு தப்பிக்கிறது, வரப்புக்கு இந்தப் பக்கம் இருக்கும் தக்காளி மாட்டிக்கொள்கிறது.

வைரஸ் என்றால் வயலில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தொடங்கிப் பரவும். களைக்கொல்லி காற்றில் வந்திருந்தால், அடித்த வயலை ஒட்டிய வரிசைகள் ஒரே சமயத்தில் முறுக்கிக்கொள்ளும். உள்ளே போகப் போகப் பாதிப்பு குறையும். வயல் முழுக்க ஒரே சீராக இருந்தால் தெளிப்பானைச் சந்தேகிக்க வேண்டும். டேங்கை வெறும் தண்ணீரில் அலசுவது போதாது. 2,4-டிக்கென்று தனித் தெளிப்பான் வைப்பதே சரி. 2,4-டியின் எஸ்டர் வகை ஆவியாகியும் நகரும் என்பதால், தக்காளிக்குப் பக்கத்தில், அதுவும் வெயில் காலத்தில், அதை நான் பரிந்துரைப்பதே இல்லை.

லேசாகப் பாதித்த செடி புதுத்துளிர் விட்டுத் தேறும். அதுவரை தண்ணீர் காயவிடாமல் பார்த்துக்கொண்டு, என்.ஏ.ஏ. தெளிப்பதை நிறுத்தி வையுங்கள், ஏனெனில் அதுவும் ஆக்சின்தான்.